ஒரு நூல் இடைவெளி: வீட்டில் கட்டிய வண்டியின் முதல் ஓட்டம்

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முப்பந்தல் காற்றாடிகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்த எங்கள் அம்பாசடர் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் அணையவில்லை. கியர் போட்டுக் கிளட்சை விட்டால் அணைகிறது. இறங்கித் தள்ளினால் ஆட்டுரல் மாதிரி அசைய மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கி, கடைசி நேரத்தில் ஒடித்து விலகிப் போனது. அந்த டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஒன்றரை வருஷம் வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்டிய வண்டி. அதுதான் முதல் ஓட்டம். இருபது கிலோமீட்டர்கூட முழுசா ஓடவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வண்டி வேலை தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் இருக்கிறதெல்லாம் தண்ணீர், காற்று, சூடு, கம்பி சமாச்சாரம்தான்.

என்ன வண்டி

என் மாமனார் 1974-ல் வாங்கிய மார்க் 2 அம்பாசடர். ஆதியில் அதில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். தொண்ணூறுகளில் இந்துஸ்தான் மோட்டார்ஸே இசுசுவின் 1800 சி.சி. எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து ஒரு அம்பாசடர் விற்றது. 75 குதிரைத்திறன் பக்கம். மாமா 1996-ல் அந்த எஞ்சினைத் தன் பழைய வண்டியில் ஏற்றி, ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வைத்துவிட்டார். வெளியே பார்த்தால் கல்யாண வண்டி. காலை அழுத்தினால் வேறு வண்டி.

பழைய உடம்பு, பெரிய எஞ்சின். அமெரிக்காவில் இதற்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். 1930-களில் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளை மலிவாக வாங்கி, மட்கார்டு, கூரையெல்லாம் கழற்றிப் போட்டு, எஞ்சினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். 1932-ல் ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு விலையில் கொண்டுவந்தபிறகு அது ஒரு பெரிய இயக்கமாகவே ஆகிவிட்டது.

நம்ம ஊரிலும் இந்தக் கிறுக்கு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தியபோது, வீட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் கட்டிய வண்டிகள் ஓடியிருக்கின்றன. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களையே உருவாக்கினார். அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே எஞ்சினை மாற்றக் கிளம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-ல் இறுகிவிட்டது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுடையது பழைய பதிவு. அதனால் தப்பித்தது.

வண்டி பன்னிரண்டு வருஷம் கொட்டகையில் தூங்கியது. மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. "ஒரு தடவ சுசீந்திரம் வரைக்கும் அதுல போயிட்டு வந்தா போரும்"னு ஒரு நாள் சும்மா சொன்னார். அதிலிருந்து ஆரம்பித்தது. கோட்டாறில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுப்பார். எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். முறுக்கியது, கழற்றியது, மறுபடி முறுக்கியது எல்லாம் நானும் மனைவியின் தம்பியும்.

எஞ்சின் இறக்கிப் பார்த்து ஏற்றினோம். ரேடியேட்டர் புதுசு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், ஷூ எல்லாம் புதுசு. வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தகுதிச் சான்றும் வாங்கியாயிற்று. அங்கே பிரேக் போட்டுக் காட்டினேன். கும்மென்று பிடித்தது. வாங்கிய சாமானில் ஒன்றுகூட மட்டம் இல்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நடந்தது

முதல் ஓட்டத்தில் மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாக இருந்தேன். ஆசான் விடவில்லை. "தம்பி, மொத ஓட்டத்துக்கு ஆளு ஏத்தாதீய. பின்னால பைக்குல ஒருத்தன் வரட்டும். பாக்கது அவன் கண்ணு, ஓட்டுகது உம்ம காலு"ன்னார். மாமா முகம் வாடிப்போச்சு. ஆனால் ஆசான் சொன்னால் சொன்னதுதான்.

நாகர்கோவிலில் இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் என்று போய்த் திரும்புவதாகத் திட்டம். மைத்துனன் பைக்கில் பின்னால் வந்தான். தோவாளை தாண்டும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. அறுபதைத் தொட்டதும் காலடித் தகடு கிறுகிறுவென்று அதிர்ந்தது. லேசாகக் கருகல் வாசம். புதுப் பெயின்ட், புது சைலன்சர், சூட்டில் வாசம் வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரல்வாய்மொழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்போது மைத்துனன் கேட்டான். "என்ன அத்தான், பிரேக்க மிதிச்சிக்கிட்டேவா வந்தீய? பின்னால லைட்டு அணையவே இல்லயே."

நான் பெடலைத் தொடவே இல்லை. "சுவிட்ச் கோளாறா இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பாப்போம்"ன்னு சொன்னேன். அன்றைக்கு நான் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான்.

டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார் கிழவன் மாதிரி முனகிக்கொண்டு சுற்றியது. சுற்றினாலும் எஞ்சின் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து எடுத்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். முப்பந்தலைத் தொடாமல் திரும்பினால் ஏதோ தோற்றுப் போன மாதிரி ஒரு எண்ணம். போனேன். நாலு கிலோமீட்டருக்குள் முதல் பத்தியில் சொன்னது நடந்தது.

மைத்துனன் தோளில் கிடந்த துண்டை வீசிக்கொண்டே பின்னால் நின்று வண்டிகளை விலக்கிவிட்டான். நான் ஆசானுக்கு போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்னாடியே அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பெடலு எப்படி இருக்கு?" கல்லு மாதிரி இருக்கு என்றேன். "ஒரு சக்கரமா, நாலுமா?" நாலும். "அப்போ சக்கரத்துல போய்த் தேடாத. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, நிப்பிள தொறந்து விடு. மொகத்த வெலக்கி வெச்சுக்க."

திறந்ததும் சூடான பிரேக் ஆயில் பீறிட்டு அடித்தது. வண்டி லேசாக அசைந்து, கை வைத்ததும் உருண்டது. ஓரத்துக்குத் தள்ளினோம். பிறகு அவர் போனில் சொல்லச் சொல்ல, பெடலுக்குக் கீழே புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ஒரு சுற்று உள்ளே திருகினேன். ராடு நீளம் குறைந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டு, ஓரத்திலேயே நாலைந்து முறை பிரேக் போட்டுப் பார்த்து, முப்பது வேகத்தில் ஊர்ந்து திரும்பினோம். இப்போது யோசித்தால் அதுவும் தப்புத்தான். சூட்டில் வெந்த பிரேக்கை நம்பி ரோட்டில் ஏறியிருக்கக் கூடாது. ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

பிரேக் ஏன் தானாகப் பிடித்தது

நாஞ்சில் நாட்டில் குளம் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். குளத்துக்கு ஒரு மறுகால் உண்டு. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் அது வழியாக வெளியே போய்விடும். மறுகாலை யாராவது அடைத்துவிட்டால் கரைதான் உடையும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரிலும் ஒரு மறுகால் இருக்கிறது. உள்ளே பிஸ்டன், மேலே ஆயில் டப்பா. இரண்டுக்கும் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னால் நகர்ந்து அந்தத் துளையைத் தாண்டிப் போகிறது. அதன் பிறகுதான் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து துளையைத் திறந்துவிட வேண்டும்.

இந்தத் துளை எதற்கு? பிரேக் போடப் போட டிரம் சூடாகும். சூடு வீல் சிலிண்டருக்கு ஏறும். உள்ளே இருக்கிற ஆயில் விரியும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால் விரிந்த ஆயில் எங்கேயாவது போயாக வேண்டும். துளை திறந்திருந்தால் டப்பாவுக்குத் திரும்பிவிடும். மூடியிருந்தால் அந்த ஆயிலே பிரேக் ஷூவை டிரம்மில் வைத்து அழுத்தும். யாரும் மிதிக்காமலே பிரேக் பிடிக்கும். பிடித்தால் சூடு கூடும். சூடு கூடினால் ஆயில் இன்னும் விரியும். இன்னும் பிடிக்கும். இப்படியே போய்க் கடைசியில் நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ளும்.

எங்கள் வண்டியில் துளையை மூடியது யார்? நான்தான். மாஸ்டர் சிலிண்டர் புதுசு, பின்னால் வந்த மாடலுடையது. பெடலும் புஷ் ராடும் 1974-ஆம் வருஷத்துச் சாமான். இரண்டும் நல்ல சாமான், ஆனால் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை அல்ல. பெடல் மேலேயே கிண்ணென்று பிடிக்க வேண்டும் என்று புஷ் ராடை ஆட்டமே இல்லாமல் நீட்டி வைத்தேன். ராடு பிஸ்டனை எப்போதும் ஒரு முடி அளவு முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்த முடி அளவு போதும், துளை மூடிவிடும்.

இப்போது அந்த லைட். பழைய அம்பாசடரில் பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் இல்லை, பிரேக் குழாயில் இருக்கிறது. குழாயில் அழுத்தம் ஏறினால் லைட் எரியும். அப்படியென்றால் அந்த லைட் பொய் சொல்லவே இல்லை. "குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது" என்று ஆரல்வாய்மொழி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. அதைப் பார்க்க முடிந்த ஒரே ஆள் பைக்கில் வந்தவன். அவன் சொன்னதை நான் சுவிட்ச் தலையில் கட்டிவிட்டேன்.

தகுதிச் சான்றுக்குப் போனபோது ஏன் தெரியவில்லை? அன்றைக்கு வண்டி குளிர்ந்து கிடந்தது. சூடேறித்தான் இந்தக் கோளாறு முகம் காட்டும். ஆறினால் ஆயில் சுருங்கித் தானே விட்டுவிடும். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஆசான் போனில் கேட்ட இரண்டாவது கேள்வியையும் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில் இருக்கும்: இறுகிய வீல் சிலிண்டர், உள்பக்கம் ஊதி அடைத்த ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கம்பி. நாலும் சேர்ந்து பிடித்தால், நாலுக்கும் பொதுவான இடத்துக்குப் போக வேண்டும்.

மெதுவாகச் சுற்றிய செல்ஃப்

அடுத்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினோம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எது முதலில், எது பிறகு. எழுதி முடிக்கும் வரை ஸ்பானரைத் தொடக் கூடாது என்பது ஆசான் உத்தரவு.

முதலில் எடுத்தது செல்ஃப். பேட்டரி புதுசு, மோட்டார் புதுசு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருகச் சொன்னேன். இரண்டும் நேராக இணைந்திருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட் வந்தாலே சந்தேகப்படணும். மூன்று வோல்ட் காட்டியது. பன்னிரண்டில் மூன்று வழியிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு மிச்சம் என்ன?

எஞ்சின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் எஞ்சினையும் சட்டத்தையும் ஒரு தடித்த எர்த் வயர் இணைக்க வேண்டும். வயரைப் போட்டிருந்தோம். ஆனால் அதன் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட் அடித்திருந்தோம். பளபளவென்று அழகான பெயின்ட். செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். அத்தனை மின்சாரத்துக்கு, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். சரியான வழி கிடைக்காத மின்சாரம் வேறு வழி தேடும். எங்கள் வண்டியில் அது ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகப் போயிருக்கிறது. கம்பியின் உறை ஓரிடத்தில் உருகியிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்து, வயரை மறுபடி முறுக்கினோம். மீட்டர் 0.1 காட்டியது.

இதை முதலில் சரிசெய்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. டெம்பரேச்சர் முள்ளுக்கு வரும் மின்சாரமும் எஞ்சின் வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் சரியில்லாவிட்டால் அந்த முள் சொல்வதையும் நம்ப முடியாது. அளக்கிற கோல் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே வயலை அளக்க வேண்டும்.

எடுக்காத எஞ்சின்

இது பெட்ரோல் ஆவியான கதை. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி 40 டிகிரி பக்கத்திலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். ஓடும்போது புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் தெரியாது. சூடான எஞ்சினை நிறுத்தினால் காற்றும் நின்றுவிடும், தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். அடுத்த பத்து நிமிஷத்துக்கு பானட்டுக்குள் சூடு ஏறத்தான் செய்யும். குழாயில் நிற்கிற பெட்ரோல் குமிழியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளப் படைத்தது, ஆவியைத் தள்ளத் தெரியாது.

பழைய அம்பாசடர் டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போடுவது இதற்குத்தான். அமெரிக்காவில் இதே கோளாறுக்குப் பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப்பை மாட்டி வைப்பார்களாம். ஈரத்துணிக்காவது ஒரு நியாயம் இருக்கிறது.

எங்கள் வண்டியில் பழைய குழாய் அசிங்கமாக வளைந்து வளைந்து போகும். நான் அதை எடுத்துவிட்டு, புதுச் செம்புக் குழாயை நேராக, அழகாக, சைலன்சர் மேனிஃபோல்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பதித்திருந்தேன். பழைய குழாய் வளைந்தது அழகு தெரியாமல் இல்லை, சூட்டுக்கு விலகிப் போவதற்கு. மறுபடி வளைத்துப் போட்டு, நடுவில் ஒரு தகட்டு மறைப்பும் வைத்தோம். கூடவே ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினோம். இப்போது பங்க்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

அதிர்வுக்கும் காரணம் கையோடு கிடைத்தது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, பல்லில் பல் செருகிச் சேர்வது. இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். சேர்க்கும்போது ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டோம். கழற்றும் முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.

ஏறிய முள்ளும் ஆடிக்காற்றும்

சூடேறியது மட்டும் பல நாள் மண்டையைக் குடைந்தது. போகும்போது ஏறிய முள், திரும்பும்போது இறங்கி நடுவிலேயே நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடியதால் எஞ்சினுக்குப் பாரம், அதனால் சூடு, பிரேக்கைத் தளர்த்தியதும் சரியாயிற்று என்று முதலில் முடிவு கட்டினேன். ஆசான் ஒத்துக்கொள்ளவில்லை. "நீரு ஒரே நேரத்துல ரெண்ட மாத்தியிருக்கீரு. பிரேக்கயும் மாத்துனீரு, திசையயும் மாத்துனீரு. எதால எறங்குச்சுன்னு எப்படிச் சொல்லுவீரு?"

திசை என்றதும்தான் உறைத்தது. ஆடி மாசத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். அங்கே அத்தனை காற்றாடிகள் நிற்பதே அதனால்தான். நாகர்கோவிலில் இருந்து முப்பந்தலுக்குப் போகும்போது அந்தக் காற்று நமக்கு முதுகில். அறுபதில் போகிற வண்டிக்குப் பின்னாலிருந்து நாற்பதில் காற்று அடித்தால், ரேடியேட்டர் மேல் படுவது வெறும் இருபது. திரும்பும்போது முப்பதில்தான் ஊர்ந்தேன், ஆனால் எதிர்க்காற்று நாற்பது. ரேடியேட்டருக்குக் கிடைத்தது எழுபது.

இரண்டு காரணத்தையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி: எர்த்தும் பிரேக்கும் சரியான பிறகு, ரேடியேட்டர் பக்கம் எதையும் தொடாமல், அதே ரோட்டில், அதே வேகத்தில் இன்னொரு தடவை போவது. அடுத்த ஞாயிறு போனோம். முள் முந்தின தடவை அளவுக்கு ஏறவில்லை, ஆனாலும் போகும்போது ஏறியது, வரும்போது இறங்கியது. ஆக பிரேக்குக்கும் பங்கு உண்டு, காற்றுக்கும் உண்டு.

காற்றில்லாத நேரத்தில் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்க வேண்டியது ஃபேன். புது ரேடியேட்டர் பழசைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஃபேனுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி, சுற்றி மறைப்பும் இல்லை. அதனால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கவாட்டில் இருந்த சூடான காற்றையே அரைத்துக்கொண்டு இருந்தது. டிங்கரிங் கடையில் தகட்டில் ஒரு கூடு செய்து, ஃபேனைச் சுற்றி மூடி வைத்தோம். மூன்றாம் தடவை போனபோது நல்ல முதுகுக்காற்று. முள் நடுவைத் தாண்டவில்லை.

என்ன புரிந்தது

நோட்டைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஐந்து கோளாறு. ஐந்திலும் எந்தச் சாமானும் கெட்டுப்போகவில்லை. எதையும் மாற்ற வேண்டி வந்ததில்லை, சூட்டில் வெந்த பிரேக் ஷூ தவிர. கோளாறெல்லாம் இரண்டு நல்ல சாமான்கள் சேரும் இடத்தில் இருந்தது. பெடலும் சிலிண்டரும் சேரும் இடம். எஞ்சினும் சட்டமும் சேரும் போல்ட். குழாயும் மேனிஃபோல்டும் பக்கத்தில் வரும் இடம். ஷாஃப்டின் பல். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த வெறும் காற்று.

கம்பெனியில் இருந்து வரும் வண்டியில் இந்த இடங்களை யாரோ ஒருவர் அளந்து, ஓட்டிப் பார்த்து, முடிவு செய்திருப்பார். வீட்டில் கட்டும்போது அந்த ஆள் நாம்தான். கடையில் விலை கொடுத்து வாங்க முடியாத வேலை அது. அதனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு சாமானாகச் சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. நம் கை பட்டு எதுவும் எதுவும் சேர்ந்ததோ அங்கே முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, முதல் ஓட்டம் தூரம் போவதற்கு இல்லை. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்திருந்தால் (தொடக் கூடாது) தோவாளைக்கு முன்னாடியே எல்லாம் தெரிந்திருக்கும். கருகல் வாசத்துக்கும் எரிந்த லைட்டுக்கும் நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த லாரி டிரைவர் அரை நொடி அசந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். துண்டை வீசிக்கொண்டு பின்னால் நின்றவன் எனக்கு முன்னாடியே போயிருப்பான். என் மனைவிக்கு இதை முழுசாகச் சொன்னது மூன்று வாரம் கழித்துத்தான்.

நாலாவது ஓட்டத்துக்கு ஆசானே வந்து, பெடலைக் கையால் அழுத்தி ஆட்டம் பார்த்து, "ஏத்திக்கிடுங்க" என்றார். மாமா வேட்டி சட்டையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். சுசீந்திரம் போய்த் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், துளை, பிஸ்டன், மறுகால் எல்லாவற்றையும் விலாவாரியாக அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாப்பிள்ள, எழுபத்தஞ்சுலயே ஆசான் எங்கிட்ட சொல்லியிருக்கான், பெடல்ல ஒரு நூலு ஆட்டம் விட்டு வையும்னு. நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லையே."